இறைக்கிற கிணறு ஊறும், எங்கிருந்து?

(தொலைக்காட்சிக் கருத்தரங்க உரையின் எழுத்து வடிவம்)



"இறைக்கிற கிணறுதான் ஊறும்" என்பது நம்மவர்கள் அடிக்கடி சொல்லும் பழமொழி. கொடுக்கக் கொடுக்கச் செல்வம் பெருகும், சொல்லிக் கொடுக்கக் கொடுக்கக் கல்வி வளரும் என்பதற்கு இதனை உவமையாகக் காட்டுவார்கள். உவமை நல்ல உவமைதான். ஆனால், கிணற்றைப் பற்றிய செய்தியாக மட்டும் எடுத்துக்கொண்டால் ஒரு கேள்வி பாக்கி நிற்கிறது. இறைத்த கிணறு ஊறுகிறது, சரி. ஊறிய நீர் எங்கிருந்து வந்தது?

நிலத்தடி நீரை ஆராயும் அறிஞர்கள் நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாக இந்தக் கேள்விக்குத்தான் விடை தேடி வருகிறார்கள். இன்று அதற்குக் கணினி மாதிரிகள் வந்துவிட்டன. அவை எப்படி உருவாகின்றன, அவற்றை எந்த அளவுக்கு நம்பலாம், நம் குடிநீருக்கும் அவற்றுக்கும் என்ன தொடர்பு என்பதை இன்று பார்ப்போம்.

கிளந்தானின் பாதாள நீர்

மலேசியாவில் பெரும்பாலான மாநிலங்கள் ஆற்று நீரையும் அணை நீரையுமே நம்பியுள்ளன. கிளந்தான் மட்டும் விதிவிலக்கு. அம்மாநிலத்தின் பொதுக் குடிநீரில் ஏறத்தாழ 40 விழுக்காடு நிலத்தின் அடியிலிருந்து எடுக்கப்படுகிறது. கோத்தா பாருவில் இந்த வழக்கம் 1930-களிலேயே தொடங்கிவிட்டது. கம்போங் புத்தே, கம்போங் சிச்சா, தஞ்சோங் மாஸ் போன்ற இடங்களில் உள்ள கிணற்றுத் தொகுதிகள் நகரத்துக்கு நீர் வழங்குகின்றன. இவை போக, வீட்டுக்குப் பின்னால் சொந்தக் கிணறும் ஒரு பம்பும் வைத்துள்ள குடும்பங்களும் ஏராளம்.

கிளந்தானின் வடக்குச் சமவெளியில், பல்லாயிரம் ஆண்டுகளாக ஆறும் கடலும் கொண்டுவந்து கொட்டிய மணலும் களிமண்ணும் அடுக்கடுக்காகப் படிந்துள்ளன. மணல் அடுக்கில் நீர் தங்கும்; எளிதாக நகரும். இதனைத்தான் நீர்த்தாங்கு படுகை என்கிறோம். களிமண் அடுக்கு நீரை எளிதில் விடாது. கடற்கரைப் பகுதியில் இப்படி மூன்று படுகைகள் ஒன்றின் கீழ் ஒன்றாக உள்ளன. முதலாவது, தரைக்கு மிக அருகே, சுமார் 20 மீட்டர் ஆழத்துக்குள். இரண்டாவது, சுமார் 20 முதல் 50 மீட்டர் ஆழத்தில். மூன்றாவது அதற்கும் கீழே. முதல் படுகையிலும் மூன்றாம் படுகையிலும் பெரும்பாலும் நல்ல நீர். நடுவில் உள்ள இரண்டாம் படுகையிலோ கடற்கரையை ஒட்டிய சில இடங்களில் உவர் நீர். முன்னொரு காலத்தில் கடல் உள்ளே வந்திருந்தபோது சிக்கிக்கொண்ட பழைய கடல்நீர் அது என்பது ஆய்வாளர்கள் தரும் விளக்கம்.

ஆக, நல்ல நீருக்கு ஒரு பக்கம் கடல். மேலே செப்டிக் டேங்கும் வயல் உரமும். கீழே உவர் நீர். இந்த மூன்றுக்கும் நடுவில் இருந்துதான் நாம் குடிக்கிறோம். அளவோடு எடுத்தால் தொல்லை இல்லை. அந்த அளவு எது என்பதில்தான் சிக்கல்.

ஏரியும் அல்ல, ஆறும் அல்ல

நிலத்தடி நீர் என்றதும் பூமிக்குள்ளே ஒரு பெரிய ஏரி அல்லது குகையில் ஓடும் ஆறு என்று பலர் நினைக்கிறார்கள். சுண்ணாம்புப் பாறை உள்ள சில இடங்களில் குகை ஆறு உண்டு. மற்றபடி பெரும்பாலும் அப்படி இல்லை. ஒரு வாளி நிறைய மணலை அள்ளி அதில் தண்ணீர் ஊற்றுங்கள். மணல் நிறைந்த வாளி தண்ணீரையும் வாங்கிக்கொள்ளும். துகள்களுக்கு இடையே உள்ள சந்துகளில் நீர் போய் உட்காருகிறது. நீர்த்தாங்கு படுகையும் இப்படித்தான்.

அந்த நீர் சும்மா இருப்பதில்லை. மேட்டிலிருந்து பள்ளத்துக்கு மெல்ல மெல்ல நகர்கிறது. எவ்வளவு வேகத்தில் என்பதை முதன்முதலாக அளந்து காட்டியவர் பிரான்ஸ் நாட்டுப் பொறியியலாளர் ஹென்றி டார்சி. டிஜோன் நகரின் குடிநீர்த் திட்டத்தை அமைத்தவர் அவர். மணல் நிரப்பிய குழாயில் நீரைச் செலுத்திப் பார்த்து, 1856-ல் தம் முடிவை வெளியிட்டார். இரு முனைகளுக்கும் இடையே நீர்மட்ட வேறுபாடு எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு நீர் கூடுதலாகப் பாயும். மணலின் நீளம் கூடினால் பாய்ச்சல் குறையும். மணலின் தன்மையைப் பொறுத்தும் அது மாறும். இவ்வளவுதான் டார்சி விதி. இன்றைய கணினி மாதிரிகள் எல்லாம் இதன்மேல் கட்டப்பட்டவையே.

ஒரு சிறிய கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு மணல் படுகையில் ஒரு கிலோமீட்டர் தூரத்துக்கு நீர்மட்டம் ஒரு மீட்டர் சரிகிறது. மணலின் கசிவுத்திறன் நாளுக்கு 50 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். துகள்களுக்கு இடையே உள்ள வெற்றிடம் மொத்தத்தில் கால் பங்கு. இந்த நிலையில் நீர் ஒரு நாளைக்கு நகர்வது 20 சென்டிமீட்டர். ஓர் ஆண்டுக்கு 73 மீட்டர். ஒரு கிலோமீட்டர் கடக்க ஏறக்குறைய 14 ஆண்டுகள்!

இதன் பொருளைச் சற்றுச் சிந்தியுங்கள். இன்று ஒருவர் கழிவு எண்ணெயை மண்ணில் ஊற்றுகிறார். ஒரு கிலோமீட்டர் தள்ளி உள்ள வீட்டில் இன்று ஒரு குழந்தை பிறக்கிறது. அந்த அழுக்கின் ஒரு பகுதி நீரோடு சேர்ந்து நகர்ந்தால், குழந்தை இடைநிலைப் பள்ளிக்குப் போகும் வயதில்தான் அந்த வீட்டுக் கிணற்றை எட்டும். ஊற்றியவருக்கு ஊற்றியதே மறந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாமல், மெதுவாக நடப்பதை முன்கூட்டியே அறிய வேண்டும் என்றால் கணக்குத்தான் ஒரே வழி.

நிலத்தை எப்படிப் படிக்கிறார்கள்?

கணக்குப் போடும் முன் நிலத்தின் குணம் தெரிய வேண்டும். முதல் வேலை துளையிடுவது. துளையிடும்போது மேலே வரும் மண்ணை ஆழவாரியாக எடுத்துப் பார்த்து, எத்தனை மீட்டர் வரை மணல், எங்கே களிமண் என்று குறித்துக்கொள்கிறார்கள். ஒரு துளை ஓர் இடத்தைப் பற்றி மட்டுமே சொல்லும். இரண்டு துளைகளுக்கு நடுவே என்ன இருக்கிறது என்பது அனுமானம். அந்த இடைவெளியை நிரப்ப, நிலத்தில் கம்பிகளை ஊன்றி மின்சாரம் செலுத்துகிறார்கள். உவர் நீர் மின்சாரத்தை எளிதாகக் கடத்தும். நல்ல நீர் அவ்வளவாகக் கடத்தாது. உப்பு எங்கே தொடங்குகிறது என்பது ஓரளவு தெரிந்துவிடும்.

அடுத்தது இறைப்புச் சோதனை. ஊர்ப்புறங்களில் புதுக் கிணற்றை இறைத்துவிட்டு, ஊற்று எவ்வளவு வேகமாக வருகிறது என்று பார்ப்பார்கள் அல்லவா? அதையே முறைப்படி செய்கிறார்கள். ஒரு கிணற்றில் ஒரே சீராக இரண்டு மூன்று நாட்களுக்குப் பம்பை ஓட விடுகிறார்கள். சுற்றியுள்ள கண்காணிப்புக் கிணறுகளில் நீர்மட்டம் எவ்வளவு இறங்குகிறது என்பதை நேரத்தோடு குறிக்கிறார்கள். இறைக்கும் கிணற்றைச் சுற்றி நீர்மட்டம் ஒரு புனல் போலக் குழிகிறது. அந்தக் குழிவு நாளாக நாளாக எப்படி விரிகிறது என்பதற்குச் சூத்திரம் தந்தவர் அமெரிக்கரான சார்லஸ் தைஸ். ஆண்டு 1935.

நீரின் வயதையும் பார்க்கிறார்கள். 1950-களிலும் 60-களிலும் நடந்த அணுகுண்டு சோதனைகளால் டிரிட்டியம் என்ற கதிரியக்கப் பொருள் மழைநீரில் கலந்தது. கிணற்று நீரில் அதன் அடையாளம் தெரிந்தால் அதில் அண்மைக்கால மழை உண்டு என்று பொருள். மிகப் பழைய நீருக்குக் கரியம் 14 சோதனை உதவுகிறது.

அடுக்குமாடி வீடு போன்ற மாதிரி

இத்தனை தகவலையும் வைத்துக் கணினியில் நிலத்தை ஓர் அடுக்குமாடிக் கட்டடம் போலக் கட்டுகிறார்கள். நிலம் முழுவதும் சிறு சிறு கட்டங்களாகப் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொரு கட்டமும் ஒரு வீடு. அதற்கு நான்கு பக்கமும் அண்டை வீடுகள். மேல் மாடியில் ஒன்று, கீழ் மாடியில் ஒன்று. ஆக ஆறு பேர். மணல் கட்டத்தின் சுவர் ஓட்டை நிறைந்தது. களிமண் கட்டத்தின் சுவர் கெட்டியானது. எந்த வீட்டில் நீர்மட்டம் உயர்ந்துள்ளதோ அங்கிருந்து தாழ்ந்த வீட்டுக்கு, சுவரின் தன்மைக்கு ஏற்ப நீர் போகும். ஒவ்வொரு வீட்டிலும் வந்தது, போனது, மிச்சம் மூன்றும் ஒத்துப்போக வேண்டும். சில ஆயிரம் வீடுகளுக்கு இந்தக் கணக்கைத் திரும்பத் திரும்பப் போடுவதுதான் கணினியின் வேலை.

கணினி பரவுவதற்கு முன், மின்தடைகளையும் மின்தேக்கிகளையும் பலகையில் கோத்து, நீருக்குப் பதில் மின்சாரத்தை ஓட விட்டு இதே கணக்கைச் செய்தார்கள். 1984-ல் அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறை மாட்ஃப்ளோ என்ற கணினி நிரலை வெளியிட்டது. பலமுறை திருத்தப்பட்ட அந்த நிரல் இன்றும் இலவசமாகக் கிடைக்கிறது, உலகெங்கும் பயன்படுகிறது.

மாதிரியைக் கட்டியவுடன் அது எதிர்காலம் சொல்லிவிடாது. முதலில் கடந்த காலத்தைச் சரியாகச் சொல்கிறதா என்று சோதிக்க வேண்டும். கண்காணிப்புக் கிணறுகளில் பல ஆண்டுகளாக அளந்த நீர்மட்டமும் மாதிரி காட்டும் நீர்மட்டமும் ஒத்துவரும் வரை எண்களைத் திருத்துகிறார்கள்.

ஏமாந்து போகும் இடம்

இங்கேதான் பெரிய தவறு நடக்க வாய்ப்புண்டு. இரண்டு குடும்பங்களை எடுத்துக்கொள்வோம். இரண்டின் வங்கிக் கணக்கிலும் மாதக் கடைசியில் சரியாக 1,000 ரிங்கிட் இருக்கிறது. ஒரு குடும்பத்துக்கு மாதம் 5,000 வரவு, 5,000 செலவு. இன்னொரு குடும்பத்துக்கு 500 வரவு, 500 செலவு. மிச்சத்தை மட்டும் பார்த்தால் இருவரும் சமம். இப்போது இருவருக்கும் புதிதாக மாதம் 400 ரிங்கிட் தவணை கட்ட வேண்டி வருகிறது. முதல் குடும்பம் கொஞ்சம் சிக்கனம் பிடித்துச் சமாளிக்கும். இரண்டாவது குடும்பம் என்ன ஆகும்?

நீர்மட்டம் என்பது வங்கி மிச்சம் போன்றது. நிறைய மழை உள்ளே இறங்கி, வேகமாக வெளியேறினாலும் அதே மட்டம் நிற்கும். கொஞ்சம் இறங்கி, மெதுவாக வெளியேறினாலும் அதே மட்டம்தான். இரண்டு மாதிரிகளும் கடந்த காலத்தோடு அழகாக ஒத்துப்போகும். எதிர்காலத்தைப் பற்றிக் கேட்டால் இரண்டும் வேறு வேறு விடை சொல்லும். அதனால்தான் நீர்மட்டத்தோடு நிறுத்தாமல் இறைப்புச் சோதனை, ஆற்றில் கசியும் நீரின் அளவு, நீரின் வயது ஆகியவற்றையும் தேடுகிறார்கள். கண்காணிப்புக் கிணறு தோண்டவும் ஆண்டுக்கணக்கில் அளக்கவும் பணம் வேண்டும். அந்தச் செலவை மிச்சம் பிடித்துவிட்டுக் கணினியில் வண்ண வண்ணப் படம் காட்டினால், அது அனுமானத்துக்குச் சட்டை போட்டது போலத்தான்.

கடலுக்குப் போகும் நீர் வீணா?

சிலர் சொல்வார்கள்: கிளந்தானில் ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்கிறது, நிலத்தில் இறங்கிய நீர் கடைசியில் கடலுக்குத்தானே போகிறது, அதை எடுத்துக் குடித்தால் என்ன? கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது.

தைஸ் 1940-ல் இதற்குத் தெளிவான பதில் எழுதினார். மனிதன் கிணறு தோண்டுவதற்கு முன்பே நிலத்தடி நீரின் வரவும் செலவும் நீண்ட கால அளவில் சமமாக இருந்தன. புதிதாக ஒரு பம்பு எடுக்கும் ஒவ்வொரு சொட்டும் மூன்று வழிகளில் ஒன்றில்தான் வர முடியும். ஒன்று, சேமிப்புக் கரைய வேண்டும். அதாவது நீர்மட்டம் இறங்க வேண்டும். இரண்டு, ஆற்றிலிருந்தோ மேலிருந்தோ கூடுதலாக நீர் உள்ளே வர வேண்டும். மூன்று, ஆற்றுக்கும் சதுப்புக்கும் கடலுக்கும் போய்க்கொண்டிருந்த பங்கு குறைய வேண்டும். நான்காவது வழி கிடையாது.

கடலுக்குப் போகும் பங்கு சும்மா போகவில்லை. அது ஒரு காவல்காரர் வேலை செய்கிறது. கடல்நீர் நல்ல நீரைவிடச் சற்றுக் கனமானது. நல்ல நீர் 40 பங்கு கனம் என்றால் கடல்நீர் 41 பங்கு. அந்தக் கனத்தால் அது அடியில் நுழையப் பார்க்கும். நல்ல நீரின் மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் இருந்தால், கடல் மட்டத்துக்குக் கீழே சுமார் 40 மீட்டர் வரை உப்பைத் தள்ளி வைக்கும். அரை மீட்டர் இருந்தால் 20 மீட்டர் வரை. இது நீண்ட கால நிலைக்கான எளிய கணக்கு. டச்சுக்காரரான கைபென், ஜெர்மானியரான ஹெர்ஸ்பெர்க் ஆகிய இருவரும் நூறு ஆண்டுகளுக்கு முன்பே தனித்தனியாகக் கண்டது.

கிளந்தானின் முதல் படுகை சுமார் 20 மீட்டர் ஆழத்துக்குள் உள்ளது என்று சொன்னோம். கடலோரத்தில் அதைக் காப்பது ஏறக்குறைய அரை மீட்டர் நீர்மட்டம்! நம் முழங்கால் உயரம். பம்புகள் அந்த அரை மீட்டரை விழுங்கிவிட்டால் உப்பு உள்ளே வரத் தொடங்கும். வருவதும் மெதுவாக, போவதும் மெதுவாக. பம்பை நிறுத்திய மறுநாளே உப்புத் திரும்பிப் போகாது. பல ஆண்டுகள் ஆகலாம்.

பாங்காக் தரும் பாடம்

நம் அண்டை நகரான பாங்காக்கில் வேறு விதமான தொல்லை. அங்கே தொழிற்சாலைகளும் வீடுகளும் ஆழமான படுகைகளிலிருந்து ஏராளமாக இறைத்தன. நீரின் அழுத்தம் குறையவே களிமண் அடுக்குகள் இறுகின. மேலே தரை இறங்கியது. 1980-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நகரின் கிழக்குப் பகுதியில் ஆண்டுக்கு 10 சென்டிமீட்டருக்கும் மேல் இறங்கிய இடங்கள் உண்டு. வெள்ளம் வந்தால் வடிய வழியில்லை.

தாய்லாந்து 1977-ல் நிலத்தடி நீர்ச் சட்டம் கொண்டுவந்தது. 1985-ல் நிலத்தடி நீருக்குக் கட்டணம் விதித்தது. 2004-ல் பாதுகாப்புக் கட்டணத்தையும் சேர்த்தது. குழாய் நீர் மலிவாகவும் நிலத்தடி நீர் விலை கூடியதாகவும் ஆனபின் இறைப்பு குறைந்தது. நீர்மட்டம் ஏறியது, தரை இறங்கும் வேகம் வெகுவாகத் தணிந்தது. இதிலிருந்து இரண்டு செய்திகள் கிடைக்கின்றன. அளந்து, கணக்கிட்டு, சட்டத்தால் கட்டுப்படுத்தினால் நிலைமை சீராகும். ஆனால் ஒருமுறை இறுகிய களிமண் பழையபடி உப்புவதில்லை. இறங்கிய தரை இறங்கியதுதான். சிங்கப்பூரில் ஆழமாகத் தோண்டிக் கட்டும்போது நிலத்தடி நீர் அழுத்தத்தை விடாமல் கண்காணிப்பதும் இந்தக் காரணத்தால்தான். அங்கும் தரைக்கு அடியில் மென்மையான கடற்களிமண் உண்டு.

கேள்வியும் பதிலும்

கேள்வி: கிணற்று நீர் இறைக்கும்போது தெளிவாக இருக்கிறது. வாளியில் வைத்தால் பழுப்பாகிறது. துணியெல்லாம் கறை. கடல்நீர் வந்துவிட்டதா?

பதில்: இல்லை. அது பெரும்பாலும் இரும்பு. கிளந்தான் நிலத்தடி நீரில் இரும்பும் மங்கனீசும் அதிகம். பூமிக்குள் காற்று இல்லாத இடத்தில் இரும்பு நீரில் கரைந்திருக்கும். மேலே வந்து காற்றுப் பட்டதும் துருவாக மாறும். காற்றூட்டி வடிகட்டினால் பெருமளவு நீங்கும். நாக்கில் உப்புத் தட்டினால்தான் வேறு காரணம் தேட வேண்டும்.

கேள்வி: கணினி சொல்வதை நம்பலாமா?

பதில்: "இத்தனை லிட்டர் எடுக்கலாம்" என்று ஒரே எண்ணைச் சொல்லும் மாதிரியிடம் கவனமாக இருங்கள். நல்ல ஆய்வு, குறைந்தது இவ்வளவு, கூடியது இவ்வளவு என்று இரு எல்லை சொல்லும். எத்தனை கண்காணிப்புக் கிணறுகள், எத்தனை ஆண்டு அளவுகள் என்று கேளுங்கள். பதிலிலேயே அதன் தரம் தெரியும்.

கேள்வி: சாதாரண மக்கள் என்ன செய்ய முடியும்?

பதில்: மாதம் ஒருமுறை, பம்பு ஓடாத காலை நேரத்தில், கயிற்றில் கல்லைக் கட்டி விட்டு நீர்மட்டத்தை அளந்து நாட்காட்டியில் எழுதி வையுங்கள். சில ஆண்டு எழுதினால் அது பெரிய ஆவணம். செப்டிக் டேங்கைக் கிணற்றிலிருந்து இயன்றவரை தள்ளி, நீர் சரியும் திசையில் கீழ்ப்புறமாக வையுங்கள். பயன்படுத்தாத கிணற்றைக் குப்பைக் குழியாக்காமல் முறைப்படி மூடுங்கள். 2014 டிசம்பர் மாதக் கிளந்தான் வெள்ளம் போல ஒன்று வந்தால், மூழ்கிய கிணற்றின் நீரைச் சுத்திகரித்துச் சோதிக்கும் வரை குடிக்காதீர்கள்.

நிறைவாக ஒன்று. இறைக்கிற கிணறு ஊறும் என்ற பழமொழியில் பொய் இல்லை. ஆனால் ஊறுகிற நீர் நம் கிணற்றுக்குள் பிறப்பதில்லை. அண்டை வீட்டுக் கிணற்றிலிருந்து, ஆற்றிலிருந்து, உப்பைத் தடுத்து நிற்கும் அந்த முழங்கால் உயர நீர்மட்டத்திலிருந்து வருகிறது. அந்தக் கணக்கை இன்றே எழுதி வைத்தால், நம் பிள்ளைகளும் அதே கிணற்றில் நல்ல நீர் இறைப்பார்கள்.